விரிப்பின் மறுமுனை

விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒற்றை ஆளாக மடித்தால் மடிப்பு கோணிக்கொள்ளும், ஓரம் தரையில் புரளும், துவைத்ததெல்லாம் வீண். ஆளுக்கொரு முனையில் நின்று, விரிப்பின் மூலைக் காதுகளைப் பிடித்து விண்ணென்று ஓர் இழுப்பு இழுக்க வேண்டும். நீளவாக்கில் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, பிறகு ஒருவர் மற்றவரை நோக்கி நடந்து வர வேண்டும். வருகிறவர் தன் கையிலிருக்கும் முனையை நிற்கிறவர் கையில் கொடுப்பார். கொடுத்துவிட்டுக் குனிந்து, தொங்கும் மடிப்பை எடுத்து மறுபடியும் மேலே கொண்டுபோவார். அந்த இரண்டு இடத்திலும் விரலோடு விரல் படும். படாமல் மடிக்க முடியாது.

கல்யாணமாகி அந்தச் சலவைக்கூடத்துக்கு வந்த நாள்முதல் அவள்தான் நடந்து வருகிறவள். அவர் நிற்கிறவர். முன்பக்கம் கூடம், பின்பக்கம் இரண்டு அறையும் அடுப்படியும். இடையில் ஒரு கதவு, அதையும் மூடிப் பார்த்ததில்லை. லாட்ஜ் துணி, ஆஸ்பத்திரித் துணி என்று மேசைமேல் குவிந்துகொண்டே இருக்கும். அடுத்தவர் பார்க்கக் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பழக்கம் அவர்களுக்கு வரவில்லை. வர வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இஸ்திரி மேசையில் நிற்கும் அம்மாளுக்கு ரேடியோ என்று பெயர். வாய் ஓயாது என்பதால் அவர் வைத்த பெயர். அவளுக்கு அது ரேடியோ அக்கா.

"நல்ல வேலைடா சாமி உங்க ரெண்டு பேருக்கும்," என்பாள் ரேடியோ அக்கா. "நாள் முழுக்கக் கையைத் தொட்டுத் தொட்டு விளையாடிக்கிட்டு. நான் என்னடான்னா இந்த இரும்புப்பெட்டியோட குடித்தனம் நடத்துறேன்."

"உன் இரும்புப்பெட்டி எதிர்த்துப் பேசாது. எனக்கு வாய்ச்சது பேசுது," என்பார் அவர்.

முதல் தடவை முனை நழுவியபோது அவள் சிரிக்கத்தான் செய்தாள். இழுத்த இழுப்பில் விரிப்பு மொத்தமும் அவள் பக்கம் பறந்து வந்து தலையை மூடிக்கொண்டது.

"என்னங்க, நின்னுக்கிட்டே தூக்கமா?"

"உன் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நின்னா வேற என்ன வரும்?"

அன்றைக்கே இன்னொரு முறையும் நழுவியது. அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டார், யாரோ இரவல் கொடுத்த கையைப் பார்ப்பதுபோல.

அதற்குப் பிறகு பூட்டுக்குள் சாவி திரும்பவில்லை. சட்டைப் பொத்தானுக்கு அவள் வர வேண்டியிருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருந்த சதை கரைந்து, அங்கே ஒரு பள்ளம் விழுந்தது. இடது காலின் செருப்பு நடக்கும்போதே கழன்று பின்தங்கியது. நாலடி தள்ளிப்போய்த்தான் அவரால் நிற்க முடிந்தது. தோளில், தொடையில், தோலுக்கடியில் மீன்குஞ்சு துள்ளுவதுபோல ஏதோ துடித்துக்கொண்டே இருந்தது. சட்டையைக் கழற்றி, "இங்க வா, டிக்கெட் இல்லாம சினிமா காட்டுறேன்," என்று அவளைக் கூப்பிட்டுக் காட்டுவார். இரண்டு பேரும் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். பயம் அப்போது இன்னும் வீட்டுக்குள் வந்திருக்கவில்லை.

ஒரு டாக்டர் கழுத்தெலும்பு தேய்வு என்றார். இன்னொருவர் சத்து ஊசி போட்டார். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் தசைக்குள் ஊசியை ஏற்றி, மின்சாரம் விட்டு, கோடு கோடாக ஓடும் படத்தைப் பார்த்துவிட்டு, வயதான டாக்டர் ஒருவர் அவளை உட்காரச் சொன்னார்.

"மூளையிலிருந்து தசைக்கு உத்தரவு கொண்டுபோற நரம்புங்க இருக்கும்மா. அதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டு வருது. உத்தரவு வராத தசை சும்மா கிடந்து கரைஞ்சு போயிடும். இப்ப கையும் காலும். போகப்போகப் பேச்சு, முழுங்குறது. கடைசியில மூச்சு. எது முன்னாடி, எது பின்னாடிங்கிறது ஆளுக்கு ஆள் மாறும். நிறுத்த மருந்து இல்ல. கொஞ்சம் மெதுவா போக வைக்க ஒரு மாத்திரை இருக்கு, அதைத் தர்றேன்."

டாக்டர் இன்னும் நிறையச் சொன்னார். நரம்பு செத்துக்கொண்டு வருகிறது என்பதற்கப்புறம் எதுவும் அவள் காதில் ஏறவில்லை. மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர், "என்ன, பாஸா ஃபெயிலா?" என்று கேட்டார். அவள் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

சலவை வேலையில் கை மரத்துப்போவது சகஜம். சுடச்சுட டிரையரிலிருந்து துணி எடுத்து, சலவைச் சோடாவில் ஊறி, வருஷக்கணக்கில் அதே வேலை செய்தால் விரல்நுனி தோலாகவே இருக்காது. முதலில் சூடு தெரியாமல் போகும். அப்புறம் ஈரம் தெரியாமல் போகும். வயதானபின் பிடியும் நழுவும். துணி காய்ந்ததா என்று அந்தத் தொழிலில் யாரும் கையால் பார்ப்பதில்லை. கன்னத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள். ரேடியோ அக்கா கொதிக்கிற இஸ்திரிப் பெட்டியின் அடியை விரலால் தட்டிவிட்டு, "இன்னும் சூடாகலையே," என்பாள்.

ஆகவே அவளுக்குத் தெரிந்த வரிசை அதுதான். பிடி போவது கடைசி. அவருக்குப் பிடியே போய்விட்டது என்றால், உணர்ச்சி எப்போதோ போயிருக்க வேண்டும். இதை அவள் யாரிடமும் கேட்கவில்லை. தன் தொழிலில் தெரிந்ததைப் போய் யாரிடம் கேட்பது?

அவர் நின்ற இடத்தில் சுவரில் இரண்டு கொக்கிகள் அடித்தாள். விரிப்பின் காதுகளை அதில் மாட்டிவிட்டு எதிர்முனையில் நின்று இழுத்தாள். கொக்கி கச்சிதமாகத்தான் பிடித்தது. நழுவவில்லை, கிண்டல் பேசவில்லை. மடித்துக்கொண்டு சுவரை நோக்கி நடந்துபோய், முனையைக் கொக்கியில் கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும் அவள் விரல் ஒரு கணம் தயங்கும். குளிர்ந்த இரும்பில் படும். உடனே குனிந்துவிடுவாள்.

அவர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். எப்போதும் அவள் கண்ணில் படுகிற இடம். காலையில் அவரை எழுப்பி, துடைத்து, குளிப்பாட்டி, உடுத்தி, கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி ஸ்பூனால் ஊட்டினாள். தண்ணீர் நேராகக் குடித்தால் புரையேறி உயிர் போய்த் திரும்பும் என்பதால் அதையும் பொடி கலந்து கெட்டிப்படுத்திக் கொடுத்தாள். எல்லா வேலையும் சுத்தமாக, சுருக்காகச் செய்தாள். துணியைக் கையாளப் பழகிய கை அது. அவர் கையைத் தூக்கி, சட்டைக்குள் நுழைத்து, இழுத்து, நீவி, மடியில் வைத்துவிட்டுப் போய்விடும்.

வைத்துவிட்டுப் போன பிறகுதான் அவளுக்கு ஏக்கம் பிடித்துக்கொள்ளும். எதிரிலேயே உட்கார்ந்திருக்கிற ஆளுக்காக ஏங்குவது என்ன கூத்து என்று தன்னையே திட்டிக்கொள்வாள். செத்துப்போனவருக்காக ஏங்கலாம். வெளியூர் போனவருக்காக ஏங்கலாம். இது எதில் சேர்த்தி? ஒருநாள் அவர் கண்ணயர்ந்திருந்தபோது பக்கத்தில் போய்க் கையைப் பிடிக்கப் போனாள். பிடித்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை என்ற நினைப்பு குறுக்கே வந்தது. தெரியாதவர் கையைத் தான்மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஏதோ திருட்டுத்தனம்போல இருந்தது. வெறும் கையோடு திரும்பி வந்து மெஷினில் சோப்புத்தூள் போட்டாள்.

பேச்சும் குழறத் தொடங்கியது. வாயில் துணி அடைத்ததுபோல ஒவ்வொரு சொல்லும் மெதுவாக, கொழகொழவென்று வந்தது. அவளுக்கும் ரேடியோ அக்காவுக்கும் மட்டும் புரிந்தது. அவர் சொற்களைச் சிக்கனமாகச் செலவழித்தார். கிண்டலுக்கு ஒதுக்க மிச்சமில்லை.

அவருடைய அக்கா வாரக் கடைசியில் பஸ் பிடித்து வருவாள். அம்மா இல்லாத வீட்டில் தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். வந்ததும் புடவையைச் சொருகிக்கொண்டு எண்ணெய்ப் பாட்டிலோடு தம்பி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். மூடிக்கொண்ட விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நிமிர்த்துவாள், முறுக்குவாள், உள்ளங்கையில் ரப்பர் பந்தை வைத்து அழுத்துவாள்.

"மடக்குடா தம்பி. மனசு வச்சா மடங்கும். சின்ன வயசுல என் ஜடையைப் பிடிச்சா விடவே மாட்டியே, அந்தப் பிடி எங்கடா போச்சு?"

அவர் சிரிப்பார். அந்த நோயில் அதுவும் ஒன்று. சிரிப்பும் அழுகையும் சொல்பேச்சுக் கேட்காது, தொடங்கினால் நிற்காது.

"பாரு, சிரிக்கிறான். எனக்குக் கை விட்டுப்போகுது, துரைக்குச் சிரிப்பு."

"அவரு வேணும்னு சிரிக்கல அண்ணி. நோவு அப்படி."

"எனக்குத் தெரியாதா? ஏதோ பேசுறேன். பேசாம எப்படி இருக்கிறது?"

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. கூடமெங்கும் ஈரவாடை. கயிறு கயிறாகத் தொங்கிய துணிகளுக்கு நடுவே தலையை விலக்கி விலக்கித்தான் நடக்க வேண்டியிருந்தது. அக்கா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு சுற்றும்முற்றும் பார்த்தாள்.

"ஏம்மா, நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டியே?"

"சொல்லுங்க அண்ணி."

"இந்த ஈரக்காத்து அவன் நெஞ்சுக்கு ஆகுமா? நீயும் மெஷினைப் பார்ப்பியா, இவனைப் பார்ப்பியா? நான் அங்க சும்மாதான் உட்கார்ந்திருக்கேன். மேட்டு வீடு, வெயில் வர்ற அறை. கொஞ்ச நாள் நான் கூட்டிட்டுப் போய் வச்சிருக்கேனே. அடுத்த ஞாயித்துக்கிழமை வண்டி ஏற்பாடு பண்ணிட்டு வர்றேன்."

அவள் அவரைப் பார்த்தாள். மறுத்துவிடுவார் என்றிருந்தாள். பழைய மனுஷனாக இருந்தால், 'இவளை விட்டுட்டுப் போனா கடையை வித்துத் தின்னுடுவா' என்று ஏதாவது சொல்லியிருப்பார்.

"நீங்க போறீங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "ம்," என்றார். தலையும் லேசாக ஆடியது.

அவ்வளவுதான். ஒரு சொல்கூட முழுதாகச் செலவழிக்கவில்லை. அவள், "நான் டீ போடுறேன்," என்று அடுப்படிக்குப் போய், பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். போகட்டும். அங்கே வெயில் வரும். கவனிக்க ஆளிருக்கும். யார் தொட்டாலும் தெரியாத உடம்புக்கு அக்கா வீடானால் என்ன, இங்கே ஆனால் என்ன? இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே வந்தவளுக்கு, நானும் ஒரு மனுஷி இங்கே இருக்கிறேனே என்பதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஞாயிறுக்குள் லாட்ஜ் துணி முடித்தாக வேண்டும். ஒரு டிரையர் எத்தனைக்கு ஈடுகொடுக்கும்? கயிற்றில் போட்டதையும் டிரையரில் போட்டதையும் கலந்து எடுத்து மடித்தாள். மேசையில் இடமில்லை. அவர் மடி சும்மா இருந்தது. மடித்த விரிப்புகளை அவர் முழங்கால்மேல் அடுக்கினாள். நழுவாமலிருக்க அவர் கைகளை எடுத்து அடுக்கின்மேல் வைத்தாள். நிரம்பியதும் எடுத்துக் கட்டினாள். கன்னத்தில் வைத்துப் பார்க்கப் பொறுமை இல்லை. கையால் ஒரு தட்டு, காய்ந்துவிட்டது, அடுத்தது.

நடுவில் பச்சைக் கரை போட்ட ஓர் அடுக்கை வைத்தபோது அவர் தொண்டையிலிருந்து சத்தம் வந்தது.

"வே...ணாம்."

"பாரமா இருக்கா? இதோ இப்ப எடுத்துடுறேன்."

"இ...து வேணாம்."

"கொஞ்சம் பொறுங்களேன், ஞாயித்துக்கிழமைக்கப்புறம் எந்தப் பாரமும் இருக்காது உங்களுக்கு."

சொன்ன பிறகு அதன் முள் அவளுக்கே குத்தியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் அந்த அடுக்கையும் கட்டி அனுப்பினாள். பிறகு வைத்த அடுக்குகளுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் இன்னொன்றுக்கு மட்டும் முகத்தைத் திருப்பினார். அவள் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டாள்.

மறுநாள் காலை லாட்ஜ் மேலாளர் தானே ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே இரண்டு மூட்டை.

"என்னம்மா இது? பிரிச்சதும் நாய் நனைஞ்ச வாடை. இத்தனை வருஷத்துல இப்படி நடந்ததே இல்லையே. ஐயா எப்படி இருக்காருன்னு தெரியும், அதனாலதான் சத்தம் போடாம கொண்டாந்தேன்."

"எல்லாமேவா?"

"இது ரெண்டும்தான். மத்ததெல்லாம் சுத்தமா இருக்கு."

ரேடியோ அக்கா ஒரு விரிப்பை உருவிக் கன்னத்தில் வைத்தாள். "ஈரம்! உள்மடிப்புல சொதசொதன்னு இருக்கு. எப்படிம்மா விட்டே? பச்சைக் கரை போட்டது ஒரு கட்டு, வெள்ளை ஒரு கட்டு."

பச்சைக் கரை. 'இது வேணாம்' என்றது அதற்குத்தான். மாலையில் முகத்தைத் திருப்பியது வெள்ளைக் கட்டுக்கு.

அவள் மேலாளரை அனுப்பிவைத்தாளா, என்ன பதில் சொன்னாள், ஒன்றும் நினைவில்லை. ஈர விரிப்பு ஒன்றையும் காய்ந்தது ஒன்றையும் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். அவர் பார்க்க முடியாதபடி அவர் கண்களைத் தன் இடது கையால் பொத்தினாள். காய்ந்ததை அவர் புறங்கையில் வைத்தாள்.

"இது?"

"காய்ஞ்...சது."

மற்றதை வைத்தாள்.

"ஈரம்."

அவள் விரிப்பை விட்டுவிட்டு, தன் சுண்டுவிரல் நகத்தால் அவர் உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்தாள்.

"இது?"

அவள் விரல்களுக்கடியில் பொத்தியிருந்த அவர் இமைகள் நனைந்தன.

கைகால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோ பெண் ஸ்கூட்டரில் வருகிற நாள் அது. ஹெல்மெட்டைக் கழற்றியபடி உள்ளே வந்தவளை அவள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"தொட்டா இவருக்குத் தெரியுமா?"

அந்தப் பெண்ணுக்குக் கேள்வி புரியவில்லை. "என்னக்கா கேக்குறீங்க?"

"கையைத் தொட்டா. தெரியுமா, தெரியாதா?"

"நல்லாத் தெரியுமே. இந்த நோய் அதைத் தொடுறதே இல்லக்கா. நரம்புல ரெண்டு வகை. ஒண்ணு மூளையிலிருந்து உத்தரவைக் கொண்டுபோறது. இன்னொண்ணு தோல்லேருந்து சேதியைக் கொண்டுவர்றது. கெட்டுப்போனது போற வழி மட்டும்தான். வர்ற வழி அப்படியே இருக்கு. கொசு கடிச்சா அண்ணனுக்கு நமக்கு மாதிரியே கடிக்கும். அடிக்கத்தான் முடியாது." அந்தப் பெண் ஜன்னலோரம் போய் அவர் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இன்னும் கேட்டா, உங்க கையை விட இவரு கைக்கு இப்ப நல்லாத் தெரியும். வேலை செய்யாம தோல் மெதுவாயிடுச்சு பாருங்க."

"முன்னாடியே யாரும் சொல்லலையே."

"சொல்லியிருப்பாங்க. அந்த நேரத்துல காதுல விழுந்திருக்காது. பார்வை, கேக்குறது, தொடுறது, இதெல்லாம் பெரும்பாலும் கடைசி வரைக்கும் இருக்கும்க்கா. பேச்சு இன்னும் குறையும். முழுங்க முடியாம போனா வயித்துல குழாய் வைக்கணும், மூச்சு ரொம்பப் பலவீனமாகுறதுக்குள்ள அதை முடிவு பண்ணணும். அதுக்கு இன்னொரு நாள் உட்கார்ந்து பேசலாம். அண்ணனும் இருக்கணும், அவரு மனசுல தெளிவா இருக்காரு."

அந்தப் பெண் கைகால்களை மெதுவாக அசைத்துவிட்டு, களைக்கும்படி எதையும் செய்யச் சொல்லாதீர்கள், இருமினால் கவனியுங்கள், ஈரக்காற்றுக்குத் தள்ளி வாசல் பக்கம் உட்கார வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். ரேடியோ அக்கா, யாரும் கேட்காமலேயே, "நான் டீ குடிச்சிட்டு வர்றேன்," என்று குடையை எடுத்தாள்.

அவள் அவர் முன்னால் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏன் சொல்லல?"

"எ...தை?"

"தெரியுதுன்னு. நான் இத்தனை நாளா உங்க கையைக் கட்டையைத் தூக்கி வைக்கிற மாதிரி தூக்கி வச்சேன். சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே அவள் காத்திருக்க வேண்டியிருந்தது.

"உனக்குப் பிடிக்கலன்னு... நினைச்சேன்."

"என்ன பிடிக்கல?"

"இந்தக் கையை."

மழை கூரையில் சடசடத்தது. மெஷின் ஒன்று சுற்றி முடித்துத் துடித்து நின்றது.

"அதனாலதான் அக்கா கூப்பிட்டதும் 'ம்'முன்னீங்களா?"

"நீ... குளிப்பாட்டுறப்ப... சட்டையை அலசுற மாதிரி... அலசுற."

சொல்லிவிட்டு அவருக்குச் சிரிப்பு வந்தது. நிற்கவில்லை. பாதியில் அழுகையாக மாறியது, மறுபடி சிரிப்பானது. எது எங்கே முடிகிறதென்று அவருக்கே தெரியவில்லை. அவளும் சேர்ந்து சிரித்து, சேர்ந்து அழுதாள். அவளைத் தூண்ட நோய் எதுவும் தேவைப்படவில்லை. முன்தானையால் முதலில் அவர் வாயோரத்தைத் துடைத்தாள், அப்புறம் தன் மூக்கைச் சிந்தினாள்.

"நான் உங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சேங்க. தெரியாதவர்கிட்ட நான்மட்டும் தொட்டுக்கிட்டு இருந்தா என்னமோ..." அவளுக்கு முடிக்கத் தெரியவில்லை. "நான் பாட்டுக்குச் சுவர்ல கொக்கி அடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"பார்த்தேன்."

"பார்த்துக்கிட்டு சும்மா இருந்தீங்க."

"கொக்கி... நல்லாத்தான்... பிடிக்குது."

அவள் அவர் தொடையில் பட்டென்று ஒன்று வைத்தாள். பிறகு, அதுவும் வலித்திருக்குமே என்று அதே இடத்தைத் தடவிக்கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா சொன்னபடி வண்டியோடு வந்தாள். பின்சீட்டில் தலையணை அடுக்கி, மேலே புது விரிப்பு போட்டிருந்தாள். உள்ளே வந்தவள் பெட்டி கட்டியிருக்காததைப் பார்த்தாள்.

"என்னம்மா, துணியெல்லாம் எடுத்து வைக்கலையா?"

"அவரு வரல அண்ணி."

"வரலையா? போன வாரம் தலையாட்டினானே."

"அது வேற. இப்ப வரல."

"நீ சொல்றியா, அவன் சொல்றானா?" அக்காவின் குரல் உயர்ந்தது. "இவ்வளவு ஈரத்துல அவனை வச்சுக்கிட்டு நாளைக்கு நெஞ்சுல சளி கட்டினா யாரு பொறுப்பு? நான் என்ன அந்நியமா? அவனைத் தூக்கி வளர்த்த கை இது."

அவளிடம் பதில் இருந்தது. ஆனால் அக்கா கேட்டதில் நியாயமும் இருந்தது. "அவரையே கேளுங்க," என்று நகர்ந்து நின்றாள்.

அக்கா தம்பியின் முன்னால் குனிந்தாள். அன்றைக்கென்று அவருக்குப் பேச்சு எழவில்லை. காலையில் இருமி இருமிக் களைத்திருந்தார். உதடு அசைந்தது; காற்று வந்தது; சொல் வரவில்லை. மறுபடி முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. முன்னால் போய் அவர் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கித் தானே சொல்லிவிட வேண்டும்போல அவளுக்கு இருந்தது. தன் முன்தானை நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நின்றாள். ரேடியோ அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். வண்டிக்காரர் வாசலில் எட்டிப் பார்த்தார்.

"இங்...க," என்றார் அவர்.

கொஞ்ச நேரம் எடுத்து, இன்னொரு முறை. "இங்கயே... இருக்கேன்க்கா."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோபம் இறங்கிய முகம் சட்டென்று வயதாகித் தெரிந்தது. அவளும் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணி, அவருக்குத் தொட்டா எல்லாம் தெரியுதாம். நமக்குத் தெரியிற மாதிரியே. அந்தப் பொண்ணு சொன்னா."

"தெரியாம என்ன? என் தம்பியாச்சே." சொல்லிக்கொண்டே வந்த அக்கா பாதியில் நின்றாள். தன் கையைப் பார்த்தாள். தம்பியின் விரல்களைப் பார்த்தாள். "டேய். நான் விரலைப் பிடிச்சு முறுக்கினேனே. வலிச்சுச்சா?"

அவர் யோசிப்பதுபோலப் பாவனை காட்டினார்.

"உ...யிர் போச்சு."

"பாவி! சொல்றதுக்கென்ன? சிரிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தியேடா!" அக்கா அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். தலைமுடியில் நரை விரிந்து கிடந்தது. ஒரு காலத்தில் அவர் பிடித்தால் விடாத ஜடை அது. அவர் கை நாற்காலியின் கைப்பிடியில் இருந்தது. அங்கிருந்து அக்காவின் தலைக்கு ஒரு சாண் தூரம்கூட இல்லை. அவர் அந்தத் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள்தான் எழுந்து, அவர் கையை எடுத்து, மெதுவாக அக்காவின் தலைமேல் வைத்தாள்.

வண்டி காலியாகத் திரும்பியது. அக்கா போகவில்லை, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று அடுப்படிக்குள் புகுந்து, பாத்திரங்களை இடம் மாற்றி வைக்கத் தொடங்கினாள். மழை விட்டிருந்தது. வாசல் பக்கம் நகர்த்திப் போட்டிருந்த நாற்காலியில் வெளிச்சம் வந்து விழுந்தது. அவர் முகம் மெலிந்து, எலும்பு தெரிய, பழைய முகமாகவும் புது முகமாகவும் இருந்தது. இந்தப் பேச்சும் போய்விடும். அடுத்த மழைக்கு இந்த நாற்காலியில் உட்கார முடியுமா, தெரியாது. குழாயைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டும். கேட்பாள். இன்றைக்கில்லை.

அவள் முக்காலியில் உட்கார்ந்து அவர் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குழந்தையின் கைபோல மெத்தென்று இருந்தது. அவளுடைய விரல்நுனிக்கு அது சரியாகத் தெரியவில்லை. சோடாவும் சூடும் தின்ற விரல். ஆகவே தூக்கித் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"சொர...சொரன்னு."

"யாரு, நானா?"

கண்ணால் ஆமாம் என்றார்.

உள்ளேயிருந்து ரேடியோ அக்கா கத்தினாள். "மெஷின் நின்னு எவ்வளவு நேரமாச்சு! யாராவது வந்து எடுக்கிறீங்களா, இல்ல நானே எல்லாத்தையும் கட்டிக்கிட்டு அழணுமா?"

"வர்றேன் வர்றேன்," என்றாள் அவள். எழுந்திருக்கவில்லை.

தன் வலது கையை அவர் உள்ளங்கையில் வைத்தாள். இடது கையால் அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கைமேல் மடக்கினாள். கட்டைவிரலைக் கடைசியாகக் கொண்டுவந்து மூடினாள். அவர் பிடித்திருப்பதுபோலவே இருந்தது. இடது கையை எடுத்ததும் விரல்கள் மெல்லத் திறந்துகொண்டன.

மறுபடி மூடினாள்.